முறுக்கு டப்பாவில் ஆற்காட்டு ரூபாய்

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம் என்று எங்கள் உறவுக்காரர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நன்றாகவே அதிகம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யாரும் சேர்க்காத ஒரு சொத்தை நான் சேர்த்தேன். எல்லோரும் சிரித்தபோதும் விடாமல் சேர்த்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன கூச்சம்?

நான் வேலை பார்ப்பது பழைய பட்டுப்புடவை வாங்குகிற கடையில். நைந்துபோன புடவையில் பட்டுக்கு மதிப்பில்லை, ஜரிகைக்குத்தான் மதிப்பு. அதை எரித்து வெள்ளியைத் தனியாகப் பிரித்தெடுப்பார்கள். ஜரிகை அசலா என்று பார்த்து விலை சொல்வது என் வேலை. புடவை விற்க வருகிறவர்களில் சிலர், அறுந்த கொலுசு, நசுங்கிய கிண்ணம் என்று வீட்டில் கிடக்கும் வெள்ளியையும் கொண்டுவருவார்கள். அதற்குள் எப்போதாவது ஒரு பழைய ரூபாய் இருக்கும். கொலுசும் காசும் ஒரே தராசில் ஏறி, ஒரே உலைக்குப் போகும்.

அப்படி ஒரு நாள் தராசிலிருந்து ஒரு காசைக் கையில் எடுத்தேன். கட்டையாக, வட்டம் கூடச் சரியாக இல்லாமல், கன்னங்கரேலென்று இருந்தது. மேலே பாரசீக எழுத்து. அதிலும் பாதி, இடம் பற்றாமல் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

"ஆற்காட்டு ரூபாமா அது. நவாபு காலத்துச் சரக்கு" என்றார் கடை முதலாளி.

எத்தனை பேர் கைமாறி, எத்தனை பஞ்சத்தைத் தாண்டி வந்த காசு, எங்கள் கடை உலையில் வந்து சாக வேண்டுமா? எனக்கு மனசே கேட்கவில்லை.

"இத்த உருக்காதீங்கண்ணா. வெள்ளி வெல இன்னாவோ அத்த என் சம்பளத்துல புடிச்சிக்கங்க."

"உருக்கினா இன்னா, நீ வச்சிக்கினா இன்னா? எனக்கு வெள்ளி வெல வந்தா சரி" என்று சிரித்தார்.

அன்றைக்குப் பிடித்த பித்து. அதற்குப் பிறகு கடைக்கு வந்த பழைய காசு ஒன்றையும் நான் உலைக்கு விடவில்லை. சென்னையில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போனேன். அங்கே ஒரு வியாபாரி என் காசுகளைப் பார்த்துவிட்டு, "எதையும் கழுவாதீங்கக்கா. இந்தக் கறுப்புதான் இதோட வயசு. அது போச்சுன்னா மதிப்பு போச்சு" என்றார். நல்லவர். எது அரிது, எது சும்மா என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். இருபது வருஷமாகத் தீபாவளி போனஸ் வரும்போதெல்லாம் அவரிடம் ஒரு பொன் பணம் வாங்கினேன். அந்தக் காலத்துத் தங்கக் காசுக்குப் பணம் என்றுதான் பெயர். துவரம்பருப்பை விடச் சின்னதாக இருக்கும், ஊதினால் பறந்துவிடும். வெள்ளிக் காசுகளை பட்டர் பேப்பரில் மடித்து எவர்சில்வர் முறுக்கு டப்பாவில் வைத்தேன். பொன் பணங்களைச் சாமி அலமாரியில் ஒரு குங்குமச் சிமிழுக்குள் வைத்தேன்.

வீட்டில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? போனஸில் எங்கள் தெருப் பெண்கள் சங்கிலி வாங்கினார்கள், வளையல் வாங்கினார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பட்டை விட முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்காரருக்கு அண்ணியான என் மூத்த ஓரகத்தி ஒரு முகூர்த்தத்தில் பத்துப் பேர் கேட்கக் கேட்டார்.

"இன்னாடி, வெறுங்கழுத்தோட வந்துக்கிற? அந்தத் துருப்புடிச்ச காசெல்லாம் கோத்து மாட்டிக்கினு வர்றதுதானே?"

"வெள்ளி துருப்புடிக்காதுக்கா" என்றேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். அப்புறம்தான் சோறு இறங்கியது.

என் வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் நனைக்கும் அரக்குச் சிவப்பைக் கேட்டு வாங்கும் தறிக்காரர்கள் இருக்கிறார்கள், இன்றைக்கும் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் சாயப்பட்டறை வாடகைக்கு எடுத்தது. கோடையிலும் வற்றாத கிணறு உள்ள பட்டறை. அந்தத் தண்ணீரில்தான் தன் சிவப்பு பிடிக்கிறது என்பார். பட்டறைக்குச் சொந்தக்காரர் செவிலிமேட்டில் புது வீடு கட்டிக்கொண்டு போனவர், போன வருஷம் ஐப்பசியில் வந்து நின்றார்.

"தை பொறந்ததும் வித்துடுவேன்பா. நீ எடுத்துக்கினா எனக்குச் சந்தோஷம். இல்லன்னா வெளி ஆளுக்குத்தான்."

அன்றைக்கு என் வீட்டுக்காரரின் அண்ணனும் ஓரகத்தியும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். இவர் முகம் செத்துப்போய்விட்டது. "வேற பட்டறைல கூலிக்குப் போறதுதான்" என்றார். சொந்தமாகச் சாயம் கலக்கிய மனுஷன், இன்னொருத்தர் சொல்லும் நிறத்தை இனிமேல் கலக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எங்கயும் போவ வேணாம். பட்டறைய நான் வாங்கறேன்" என்றேன்.

"எத்த வச்சி?" என்றார் ஓரகத்தி.

"என் டப்பாவ வச்சி."

அவர்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். இவர் மட்டும் சிரிக்கவில்லை. என் வாக்கும் அவர் தொழிலும் அந்த முறுக்கு டப்பாவில்தான் இருந்தன.

சென்னை வியாபாரியிடம் கிளம்புவதற்கு முந்தின நாள். கடையிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வாசலில் வெள்ளைத் துண்டு விரித்து, வடாம் காயப்போட்ட மாதிரி, வரிசையாக ஏதோ பளபளக்கிறது. பக்கத்தில் இவர், கையில் அலுமினியச் சட்டி, அதில் ஆவி பறக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

"பாரு, எப்டி மின்னுது! பட்டுக்குப் போடற அதே சோப்பு, சோடாதான். கொதிக்க வச்சித் துணியால தேச்சேன். அழுக்கெல்லாம் கழண்டு வந்துடுச்சி."

தறிக்குப் போகுமுன் கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பிலும் சோடாவிலும் வேகவைத்தால்தான் பசை போய் நூல் மினுக்கும். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. மங்கலாக இருப்பதை மினுக்கிக் கொடுத்தால் விலை கூடும் என்பதுதான் எங்கள் ஊரின் நம்பிக்கை. அந்த டப்பாவை வீட்டில் யாரும் தொட்டதே இல்லை, அதனால் கழுவக் கூடாது என்று சொல்லிவைக்க எனக்கும் தோன்றியதில்லை. என் ஆற்காட்டு ரூபாய் நேற்று அடித்த காசு மாதிரி இளித்துக்கொண்டு கிடந்தது. இருநூறு வருஷம் சேர்ந்த கறுப்பு ஒரு சட்டி வெந்நீரில் போய்விட்டது.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெருவே கேட்டது. அவர் சட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார். "நல்லா இருந்தா கூட வெல வரும்னுதான்மா..." என்று மட்டும் சொன்னார். எனக்கு ஆசையாகச் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமானது.

மறுநாள் இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம். வியாபாரி ஒரு காசை எடுத்தார், லென்ஸை வைத்துப் பார்த்தார், கீழே வைத்தார்.

"கழுவிட்டீங்களாக்கா?"

"நான்தான் சார் கழுவுனேன்" என்றார் இவர். சிவப்பேறிய விரல்களை மடித்துக்கொண்டார். அன்றைக்குச் சொன்ன மாதிரியே எல்லாக் காசுக்கும் மதிப்பு போய்விட்டது, வெள்ளி விலைக்குத்தான் எடுக்க முடியும் என்றார் வியாபாரி. வெள்ளி விலை ஏறிக் கிடந்த நேரம், நான் போட்டதைப் போல அது பல மடங்கு. ஆனாலும் பட்டறைக்குப் பற்றாது.

அப்புறம் நான் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தேன். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பொன் பணங்களை மேஜையில் வைத்தேன். வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதக் கழுவலையே?"

"சாமி அலமாரில இருந்துது. குங்குமம்னு நெனச்சி உட்டுட்டாரு" என்றேன். வியாபாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தின நாளிலிருந்து நான் சிரித்ததும் அப்போதுதான்.

பேரத்தில் நான் இறங்கவில்லை. அவரிடமே வாங்கியவற்றுக்கு அவர் வாயாலேயே இன்றைய விலையைச் சொல்ல வைத்தேன். அவற்றில் சில இப்போது தேடினாலும் கிடைக்காதவை. வெள்ளியும் பொன்னும் சேர்ந்தபோது பட்டறை வந்துவிட்டது. யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை, ஒரு குண்டுமணி நகையை அடகு வைக்கவில்லை. கடைசியாக அந்த ஆற்காட்டு ரூபாயை மட்டும் திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். முதலில் வந்த காசு, அது எனக்கே இருக்கட்டும் என்று பட்டது.

பத்திரம் என் பேரில்தான் எழுத வேண்டும் என்று இவர் ஒரே பிடியாக நின்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, கோவில் தேர் என் ஒருத்திக்காக நகர்ந்த மாதிரி இருந்தது. பெருமைதான். மறைக்க மாட்டேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜை எங்கள் சொந்தப் பட்டறையில். இவர் விடியலிலேயே போய் அண்டா, சட்டி, விளக்கு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கண் கூசுகிற மாதிரி வைத்திருந்தார். நடுவில் ஒரு தாம்பாளத்தில் ஆற்காட்டு ரூபாய். சாயப்பட்டறை ஆவியில் அதன் ஓரத்தில் மறுபடி கறுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. ஓரகத்தி குனிந்து பார்த்தார்.

"எல்லாத்தயும் தேச்ச, இத்த மட்டும் ஏன் உட்டுட்ட?"

"அத்தத் தொடாதீங்க அண்ணி" என்றார் இவர், பதறிப்போய். "அது கறுக்கக் கறுக்கத்தான் வெல. இந்தப் பட்டறையே இவளோட காசுதான்."

ஓரகத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் கயிறு மட்டும் கிடந்த என் கழுத்தை நான் நன்றாகவே நிமிர்த்திக்கொண்டேன்.