கூழைக்கடா இளைச்ச கதை

எங்க சங்கத்துல மொத்தம் நாலே பேர். மரத்துல பறவை செதுக்குற சங்கம். சொன்னா சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். தொண்ணூத்தி மூணுல, திண்டிவனத்துல என் மாவு மில்லுல ஆரம்பிச்சது. நான், ஒரு பஸ் கண்டக்டர், விழுப்புரத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருந்த அண்ணன், எங்க தெருவுலயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துன டீச்சர். ஞாயித்துக்கிழமை மில்லுக்கு லீவு. ஆளுக்கொரு உளி, ஆளுக்கொரு கட்டை, நடுவுல ஒரு தூக்குல டீ. மறுநாள் அரைக்க வர்ற பொம்பளைங்க, "இன்னாக்கா, கேப்பை மாவுல மரத்தூளு வருது"ன்னு சண்டைக்கு நிப்பாங்க. "நார்ச்சத்து, உடம்புக்கு நல்லது, போ"ன்னு அனுப்பிடுவேன்.

எங்கள்ல கை சுத்தம்னா டீச்சர் கைதான். நாங்க செதுக்குனா பொம்மை. அவங்க செதுக்குனா, எப்ப பறந்துடுமோன்னு ஜன்னலைச் சாத்தத் தோணும். எனக்கு வயித்தெரிச்சல்தான், பொய் சொல்லமாட்டேன்.

சில வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் டீச்சர் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துடுச்சு, பேச்சும் போச்சு. வைத்தியத்துக்கு வசதின்னு விழுப்புரத்துக்கே குடி போயிட்டாங்க, மெடிக்கல் ஷாப்புக்குப் பின்தெரு. மாத்திரை வாங்க ஓடி வந்து ஓடிப் போறதோட சரி, அவரை விட்டுட்டு நகரமுடியாது. அந்த நேரம் பாத்தா கண்டக்டருக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி போடணும்? மெடிக்கல் அண்ணன் கடையில வேலை பாத்த ஆளும் நின்னுட்டான், கடையை மூடமுடியல. மில்லுல நான் ஒருத்தி, எதிர்ல காலி ஸ்டூலுங்க. ஒரே பேஜாரு.

கண்டக்டர்தான் வழி சொன்னார். அவர் ஓடுறதே திண்டிவனம் விழுப்புரம் ரூட்டு. "யக்கா, ஆளுங்க வரமுடியலன்னா இன்னா, கட்டை வரட்டுமே. எல்லாருக்கும் ஒரே கட்டை. நீ கொஞ்சம் செதுக்கிக் குடு. நான் டிப்போல உக்காந்துக்கினு கொஞ்சம் செதுக்கி மெடிக்கல்ல குடுத்துடறேன். அங்கேருந்து டீச்சருக்குப் போவட்டும். அப்பால திரும்ப உன்கிட்ட." குமிழ மரத்துல முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டை எடுத்தோம். கழுவேலி ஏரியில நாங்க எல்லாரும் பாத்த, அலகுக்குக் கீழ பை தொங்குற கூழைக்கடாவைச் செய்யறதுன்னு முடிவு. ஒயர்க்கூடையில வச்சு பஸ் ஏத்துனேன்.

டீச்சர் வாங்கிக்கினாங்க. ஆனா மெடிக்கல் அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்களாம்: "இது ஒண்ணு முடியறவரைக்கும் செய்யறேன். அப்புறம் என்னை விட்டுடுங்க, எதுவும் அனுப்பாதீங்க." அண்ணன் போன்ல இதைச் சொன்னதும் எனக்கு அப்படியொரு கோவம். யார் மேலன்னு தெரியல. அந்த வீட்டுல அவங்களுக்குப் பேச்சுத்துணைகூட இல்ல. உளியையும் கீழ வச்சுட்டா அந்தம்மா என்ன ஆவாங்க? "அப்ப இது முடியவே கூடாது அண்ணே"ன்னேன். கண்டக்டரும் சரின்னுட்டார்.

சும்மா வச்சிருந்து அனுப்புனா டீச்சருக்குத் தெரிஞ்சுடும். அதனால வேணும்னே தப்பு பண்ணினோம். நான் கழுத்தைக் கோணலா சீவி விடுவேன். கண்டக்டர் அலகுல ஒரு வெட்டு ஜாஸ்தியா போட்டுட்டு, பஸ் குலுங்கிடுச்சும்பார். மெடிக்கல் அண்ணன் வேணும்னு பண்ணவே தேவையில்ல, அவருக்குத் தானா வரும். டீச்சர் பொறுமையா எல்லாத்தையும் திருத்தி அனுப்புவாங்க. எங்க மண்டையில ஒண்ணுதான் உறைக்கல. மரத்துல எடுக்கத்தான் முடியும், திரும்ப ஒட்டமுடியாது.

கூழைக்கடாவுக்கு அலகுப்பை போய் நாரையாச்சு. நாரைக்குக் கால் போய், உக்காந்திருக்குற கொக்காச்சு. கொக்கு கழுத்து சுருங்கி மைனாவாச்சு. "யோவ், மைனாவை இந்தக் கதி பண்ணது யாருய்யா?"ன்னு பஸ் ஸ்டாண்டுல நான் கத்த, "நீதான்க்கா வாலை எடுத்தே!"ன்னு அவர் படியில நின்னுக்கினு கத்த, பஸ்சே எட்டிப் பாத்துச்சு. டிரைவர் ஹாரனை விடாம அழுத்தினார். அடுத்த தடவை கூடையைத் திறந்தா சிட்டுக்குருவி. இதுக்கு மேல செதுக்குனா பல்லு குத்தத்தான் ஆவும். உப்புத்தாள் போடணும், கண்ணு வைக்கணும், அவ்ளோதான் மிச்சம்.

அனுப்ப மனசு வரல, என்கிட்டயே வச்சுக்கினேன். "டீச்சர் மாத்திரை வாங்க வர்றப்பல்லாம் கூடை வந்துச்சான்னு கேக்கறாங்களாம்க்கா, ஜல்தியா குடு"ன்னு கண்டக்டர் நச்சரிச்சார். நான் லேசுல அழற ஆள் இல்ல. அன்னிக்கு அழுதுக்கினேதான் உப்புத்தாள் தேய்ச்சேன்.

குருவி போச்சு, திரும்பி வரல. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மிளகாய் அரைக்க வந்தவங்க மேலல்லாம் எரிஞ்சு விழுந்தேன்.

அப்புறம் ஒருநாள் மில்லு போன் அடிச்சுது. மெடிக்கல் ஷாப்புலேருந்து டீச்சரே பேசினாங்க.

"அந்தக் குருவி வராதும்மா."

"முடிச்சுட்டீங்களா டீச்சர்?"ன்னேன்.

"எங்க முடிச்சேன்? கண்ணு வைக்கலாம்னு அவர் பக்கத்துல வச்சுட்டு உளி எடுக்கப் போனேன். வந்து பாத்தா, நல்லாயிருக்குற கைக்குள்ள வச்சு மூடிக்கிட்டாரு. கேட்டா முறைக்கிறாரு. தூக்கத்துலகூட விடறதில்ல. படுத்ததுலேருந்து அவர் எதுக்கும் அடம் பிடிச்சதே இல்லம்மா." சிரிக்கிறாங்களா அழறாங்களான்னு தெரியல, ரெண்டும்தான்னு நினைக்கிறேன். அப்புறம் தொண்டையைச் செருமிட்டு, வகுப்புல பேசுற குரல்ல சொன்னாங்க:

"நாளைக்கு பஸ்சுல வேற கட்டை அனுப்பு. நல்லா பெரிசா பாத்து அனுப்பு. நீங்க மூணு பேரும் வேணும்னே பண்ற தப்புக்கெல்லாம் இடம் வேணாமா?"