பத்து டன் மிளகு

அந்த விண்ணப்பத்தின் ஒன்பதாவது கட்டம் இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. "அடுத்த ஆண்டு தங்களால் வழங்க இயலும் அளவு" என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். ஏற்றுமதிக்கு ஆசைப்படும் சிறு கம்பெனிக்காரர்களை அரசாங்கமே குழுவாகச் சேர்த்து ஜெர்மனிக்கு அழைத்துப்போய், சரக்கு வாங்குகிறவர்களின் எதிரில் உட்காரவைக்கும் திட்டம் அது. தொண்ணூறுகளின் கடைசி. கம்பெனிக்கு ஓர் ஆள், பாதி விமானக் கட்டணம் அரசாங்கத்துடையது. முதல் எட்டுக் கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பிய நான் ஒன்பதாவதோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். காரணம் என் மாமனார்.

மாமனாருக்கு மலைமேல் செம்மேட்டில் மிளகு மண்டி. வீடும் காடுகழனியும் அடிவாரத்தில். திண்ணனூர் நாடு, தேவனூர் நாடு என்ற மலையூர்களில் இருந்த விவசாயிகள் முப்பது வருடமாக அவரிடம்தான் மிளகு போட்டார்கள். அவர் அதைக் காயவைத்து, புடைத்து, சலித்துக் கீழே பெரிய வியாபாரிகளுக்கு அனுப்புவார். அவர்கள் அதை வேறு எந்த ஊர்ச் சரக்கோடோ கலந்து தங்கள் பெயரில் கப்பல் ஏற்றுவார்கள். பி.காம். முடித்துவிட்டு மருமகளாக வந்த எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எங்கள் பெயர் அச்சடித்த சாக்கு ஒன்றாவது கடல் தாண்ட வேண்டும் என்று ஒரே வெறி. பதிவு, உரிமம், ஆய்வுச் சான்று என்று நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் பஸ்ஸில் அலைந்தவள் நான். கம்பெனி அவர் பெயரில் இருந்ததால் விமானம் ஏறப்போவது மட்டும் அவர். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எதற்கும் இடம் இருக்காது, விட்டுவிடுகிறேன்.

மிளகு கொடியில் இருக்கும்வரை இத்தனை வரும் என்று அந்த மலைப்பக்கத்தில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கொடி தங்காது என்று நம்பிக்கை. எத்தனை மூட்டை தேறும் என்று கேட்டால், "வந்தா வருமுங்க" என்பதுதான் பதில். மாமனார் கீழ்நாட்டு ஆள்தான். ஆனால் முப்பது வருடப் பழக்கத்தில் மலைக்காரர்களைவிடக் கறாராகிவிட்டார். லாரிக்காரர் எத்தனை மூட்டைக்கு இடம் வைக்கட்டும் என்று கேட்டால்கூட, "வண்டியக் கொண்டாங்க, பாக்கலாம்" என்பார்.

"போன வருசம் வந்தத எழுது கண்ணு. அது கைக்கு வந்தது. வரப்போறத எப்படி எழுதுவ?" என்றார்.

"அவங்க கேக்கறதே வரப்போறதத்தானுங்க மாமா."

"கேக்கறவங்க கேக்கட்டும்."

கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன், திரும்பி வந்தது. "விளைச்சலைப் பொறுத்து" என்று எழுதி அனுப்பினேன், அதுவும் சிவப்பு மையால் சுழித்துத் திரும்பி வந்தது. போன் செய்தபோது திட்டத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி, "ஏம்மா, ஒரு நம்பர் எழுதறதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்று கத்தினார். ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் அவர். நடுவில் மாட்டிக்கொண்டு எனக்குப் பைத்தியம் பிடிப்பதுதான் பாக்கி. மூன்றாவது முறை, கடந்த மூன்று வருடக் கொள்முதலைக் கூட்டி, மூன்றால் வகுத்து, "பத்து டன்" என்று நானே எழுதினேன். நான் பென்சிலால் குறி போட்ட இடத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். அன்றைக்கும் போட்டார்.

புரட்டாசியில் கிளம்பிப் போனார். அங்கே நடந்ததைக் குழுவில் கூடப் போன கரூர் விரிப்புக் கம்பெனிக்காரர் பிற்பாடு எனக்கு விவரமாகச் சொன்னார். ஜெர்மன்காரர் எங்கள் மிளகைக் கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டியிருக்கிறார். பிறகு விண்ணப்பத்தைப் பார்த்து ஏதோ கேட்க, குழுவை அழைத்துப்போன அதிகாரி அதை உரக்கத் தமிழில் சொல்லியிருக்கிறார்: "பத்து டன் நிச்சயமாத் தருவீங்களான்னு கேக்கறார்."

மாமனார் தாளை வாங்கிப் பார்த்தாராம். என் எழுத்து அவருக்குத் தெரியும். "கையெழுத்து என்னுதுதானுங்க. அந்த எண்ண மட்டும் அடிச்சிருங்க" என்றாராம். வேறு எண் சொல்லுங்கள் என்று அதிகாரி கெஞ்சியும் திட்டியும் பார்த்திருக்கிறார். ஜெர்மன்காரர் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஊர் திரும்பியவர் எனக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார். அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கத்தினேன். "ஒரு வருச ஒழைப்புங்க மாமா! ஆமான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?" என்றேன். "உடு சாமி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பத்து நாள் அவரோடு பேசவில்லை.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. திண்ணனூர் நாட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிகள் மஞ்சளாகி, இலை உதிர்ந்து, சரம் சரமாகக் காய்ந்தன. வேரில் தண்ணீர் தேங்கி வந்த வாடல் நோய், பூஞ்சை என்று தோட்டக்கலை அதிகாரி சொன்னார். நானும் அதைத்தான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஜெர்மனியில் எண் சொன்ன செய்தி அதற்குள் யார் வாய் வழியாகவோ மலையேறிவிட்டிருந்தது.

ஒரு சந்தை நாளில் விவசாயிகள் ஏழெட்டுப் பேர் மண்டிக்கு வந்தார்கள். டீ வரவழைத்தோம். அவர்களில் மூத்தவர் டம்ளரைத் தொடாமல், "ஏனுங்க, அங்க போயி இத்தனன்னு சொல்லிட்டாங்களாமே. ஆருங்க சொன்னது?" என்று கேட்டார்.

நான் இரண்டடி தள்ளி மேசையில் இருந்தேன். மாமனார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாந்தானுங்க. வாய் தவறிச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

அவர்கள் சண்டை போடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுத்த அறுவடைக்கு அவர்கள் மிளகு வேறு மண்டிக்குப் போனது. ஒரு மண்ணும் புரியாத ஆத்திரத்தில், "ஏனுங்க மாமா அப்படிச் சொன்னீங்க? அது பூஞ்சைங்க! எழுதினது நான்னாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்று அவரிடம் பாய்ந்தேன். "நாஞ் சொன்னதா இருந்தா அது என்னோட போயிரும். நீ இன்னும் எத்தன வருசம் இங்க ஏவாரம் பண்ணோணும்" என்றார்.

அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மண்டியை நான்தான் நடத்துகிறேன். அன்று எழுந்து போனவர்களின் மகன்கள் இப்போது என்னிடம் மிளகு போடுகிறார்கள். எடை போட்டு முடித்ததும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "உங்க மாமனாரு நல்ல மனுசந்தானுங்க, வாயி மட்டும் நிக்கல. நீங்க அப்படியில்லீங்கக்கா."

"ஆமாங்க" என்கிறேன்.