கோயமுத்தூரில் ஓடிய ஹார்ட் டிஸ்க்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் நான் நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஃபேக்டரி வாரத்தில் புதன், சனி இரண்டு நாள்தான் ஓடியது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாதிக்குப் பூட்டுத் தொங்கியது. ஆட்கள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் சிலர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டிருந்தார்கள். ஆபீசில் மிச்சமிருந்தது மேனேஜர், நான், அப்புறம் ஒரு கம்ப்யூட்டர்.

ஹெட் ஆபீசில் புதிது வாங்கியபோது எங்கள் தலையில் கட்டிய பழைய கம்ப்யூட்டர் அது. வெள்ளையாக வந்தது, பல்லில் கறை பிடித்த மாதிரி மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் எனக்கு அதன்மேல் பிரியம். அதற்குள் என் உழைப்பு ஒன்று இருந்தது.

எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடுதான் அந்த உழைப்பு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தையும் அந்தத் தடிப்புத்தகத்தில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் புத்தகம் ஊறிவிட்டது. ஒட்டிக்கொண்ட பக்கங்களை வெண்ணெய்க் கத்தியால் பிரித்துப் பிரித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, நாலு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் டைப் அடித்தேன். முடித்த அன்று, "இனி இது எதுக்குங்க, எல்லாம் உள்ள இருக்குது" என்று நானே சொல்லி, நாற்றம் அடித்த அந்தப் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட வைத்தேன். சொல்லும்போது அவ்வளவு பெருமை.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. விடியலில் உறைபனி கொட்டியிருந்தது. ஆபீஸ் முன்னால் புல் முழுக்க உப்பைத் தூவின மாதிரி வெள்ளை. நான் கம்பளிச் சால்வையோடு வந்து கதவைத் திறந்தபோது, கொழுந்து பறிக்கும் அம்மா ஒருத்தி வாசலில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். சிறுமியாக இருந்தபோது சிலோனிலிருந்து பெற்றோருடன் வந்தவள். வேலைக்கு ஒரு நாளும் தவறாதவள்.

"கிளாக்கரம்மா, நம்ம பிள்ளைக்கு நர்ஸ் படிப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில."

"அட, நல்ல சேதிங்க!"

"வயசுதான் தகராறு. பள்ளிக்கூடத்துல ஒரு வருசம் கொறைச்சு எழுதிப்புட்டாங்க. பதினேழு முடிஞ்சாத்தான் சேர்ப்பாங்களாம். தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்துல உள்ளபடி மேனேஜர் தொரைகிட்ட ஒரு காயிதம் வாங்கிக்கிட்டு திங்கக்கிழமை வான்னு சொல்லிட்டாங்க."

"இதுக்கா இந்தக் குளிர்ல நின்னீங்க? உக்காருங்க, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டேன்.

பெட்டிக்குள் ஒரு முனகல் கேட்டது. தூக்கத்திலிருந்து எழப் பார்த்து, முடியாமல், மறுபடி போர்வைக்குள் சுருண்டுகொள்கிற முனகல். பிறகு சத்தமே இல்லை. திரையில் ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரு வரி வந்தது. அணைத்தேன், போட்டேன். பத்துப் பதினைந்து தடவை அதையே செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே முனகல், அதே வரி.

முன்பு நகல் எடுத்து வைத்திருந்த இரண்டு ஃப்ளாப்பிகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். எங்கள் ஈரத்தில் செருப்பே பூஞ்சை பிடிக்கும். ஃப்ளாப்பி என்ன செய்யும்? மூடியை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "புத்தகத்துலயே பாத்துச் சொல்லிருங்களேன்" என்றாள் மெதுவாக.

புத்தகம் அடுப்பில் போனதையும், போடச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் கெடக்குதே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் லீவ் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குன்னூரில் பஸ் மாறி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி இறங்கினேன். பக்கத்து சீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உள்ள சாமி சிலைங்களா?" என்று கேட்டேவிட்டார்.

கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியை வாங்கி, வயர்களை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். உஸ்ஸ் என்று ஒரே மூச்சில் சுற்ற ஆரம்பித்தது. திரை முழுக்க என் ஃபைல்கள்!

"என்னங்க இது? நல்லாத்தானுங்க ஓடுது!"

"அங்க ஓடலைங்களே!"

"வயர் லூசா இருந்திருக்குமுங்க. அழுத்தி மாட்டிட்டேன். தைரியமாக் கொண்டு போங்க."

அந்த இடத்திலேயே அந்த ஒரு வரியைத் தேடி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். புது ஃப்ளாப்பி வாங்கி நகலும் எடுத்திருக்கலாம். ஒன்றுகூடத் தோன்றவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் ஒரு பக்கம், பிழைத்துக்கொண்டோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். எனக்குள் சிரித்துக்கொண்டே மலையேறினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசில் ஸ்விட்சைப் போட்டேன். முனகியது. சுருண்டு படுத்துக்கொண்டது.

கடைக்காரருக்கு போன் செய்தேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "ஏனுங்க, உங்க ஊர்ல இப்போ குளிர் எப்படிங்க?" என்று கேட்டார்.

"தண்ணிக் குழாயே உறைஞ்சு கிடக்குதுங்க."

எதிர்முனையில் பெரிய சிரிப்பு. "அப்போ அதேதானுங்க. பழைய டிஸ்க்குங்க, உள்ள போட்ட மசகு குளிர்ல இறுகிப் போயிருக்குது. வயசானவங்களுக்கு முட்டி பிடிச்சுக்கிற மாதிரி. எங்க ஊர் வெயில்ல இளகிச் சுத்திருச்சு."

"நாளைக்கே திருப்பிக் கொண்டு வரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நேத்தே ஒரு மாதிரி சத்தம் கேட்டுது, நாந்தான் பெருசா எடுத்துக்கல. இன்னொருக்கா பஸ்ல குலுங்குனா உள்ள கீறிப் போயிரும். அங்கயே எங்காச்சும் சூடான இடத்துல மெல்ல மெல்லச் சூடேத்துங்க. டக்குனு சூடு காட்டுனா உள்ள வேர்த்துரும். சுத்துச்சுன்னா நிறுத்தாதீங்க, எடுக்க வேண்டியத எடுத்துருங்க."

அன்று பகல் முழுக்க முயற்சி செய்தேன். வெந்நீர்ப் பையை ஒத்தடம் கொடுப்பது போல வைத்துப் பார்த்தேன். டிஸ்க்கை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி, சால்வைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பழைய டைப்ரைட்டரில் இரண்டு மணி நேரம் டைப் அடித்தேன். மேனேஜர் பார்த்தும் பாராதது போலப் போனார். மாட்டினால் ஒரு சுற்று சுற்றி நின்றது. ஆபீஸின் குளிரில் அந்தச் சூடு ஐந்து நிமிடம்கூடத் தங்கவில்லை.

அப்போதுதான் ஃபேக்டரியின் டிரையர் அறை நினைவுக்கு வந்தது. இலையை உலர்த்துகிற இடம். எஸ்டேட்டிலேயே நமக்கு வியர்க்கிற ஒரே இடம். ஆனால் அது தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரின் ராஜ்யம். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், பூ வைத்துக்கொண்டு வந்தவர்களையும் பவுடர் போட்டவர்களையும் வாசலோடு திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, கொழுந்து மூட்டை சுமந்து, படிப்படியாக டீமேக்கர் ஆனவர்.

"கம்ப்யூட்டரையா? என் டிரையர் ரூமுக்கா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். நர்ஸ் படிப்பு என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. "நாளைக்குச் சனிக்கிழமை, அடுப்பு பத்த வைப்போம். கொண்டாங்க பாப்போம்" என்றார்.

சனிக்கிழமை காலை இரண்டு ஆட்கள் பெட்டியையும் மானிட்டரையும் பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார்கள். டீமேக்கர் வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். குனிந்து பெட்டியை முகர்ந்தார். மானிட்டரை முகர்ந்தார். பிரிண்டரின் ரிப்பனுக்கு மூக்கைச் சுளித்தார். "இது கொஞ்சம் அந்தாண்ட இருக்கட்டும்" என்று அதை மட்டும் ஜன்னல் ஓரமாகத் தள்ளி வைக்கச் சொன்னார். கடைசியாக என் பக்கம் திரும்பினார். "தலையில என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்தாங்க."

"துண்டு கட்டிக்கங்க."

துண்டு கட்டிக்கொண்டேன். பறக்கிற தேயிலைத் தூசி உள்ளே போகாமலிருக்கப் பெட்டியின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி, டிரையரிலிருந்து நாலடி தள்ளி வைத்தோம். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை ஓரோர் அடியாக நகர்த்தினோம். டீமேக்கர் தன் இலையைப் பார்க்கப் போகிற ஒவ்வொரு நடையிலும் வந்து, உள்ளங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான். "இன்னும் பதம் வரல" என்பார், போய்விடுவார். எனக்குக் கழுத்தில் வியர்வை வழிந்தது. சால்வையை எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை.

பதினொன்றரைக்கு வந்து தொட்டார். "இப்போ போடுங்க."

போட்டேன். முனகியது. முனகல் நீண்டது, நீண்டது, திடீரென்று இளகி உஸ்ஸ் என்று சுற்றியது. டிரையர் சத்தத்திலும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது. திரையில் பதிவேடு வந்து நின்றது.

வேறு எதையும் தொடவில்லை. நேராக அச்சடிக்கக் கொடுத்தேன். மடிப்பு மடிப்பாகக் காகிதம் கரகரவென்று வெளியே விழத் தொடங்கியது. எதிர்பார்த்த பக்கம் வந்ததும் கிழித்து எடுத்து விரலை ஓட்டினேன். பெண் குழந்தை, தாய் பெயர், தேதி, பிறந்த நேரம், எடை, எல்லாம் இருந்தது. பதினேழு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கொழுந்து நிறுக்க வந்த கூட்டத்திற்குள் அதற்குள் சேதி பரவிவிட்டது. அந்த அம்மா கூடையோடு ஜன்னலுக்கு வந்துவிட்டாள். காகிதத்தைக் காட்டினேன். படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எடை எம்புட்டுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "அதான் அன்னிக்கு அந்தப் பாடு படுத்துனா!" என்று சொல்லிச் சிரித்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது.

அப்புறம் ஜன்னலில் ஒரே நெரிசல். என் பையன் எப்போ பிறந்தான், என் தங்கச்சிக்கு என்ன வயசு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டீமேக்கர் கூட்டத்தை விரட்டிவிட்டு என் பக்கம் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"நம்மளதும் இருக்குமா?"

பழைய பக்கங்களில் தேடினேன். அவர் அப்பா பெயரும் அம்மா பெயரும் பொருந்துகிற ஆண் குழந்தை ஒன்றே ஒன்று இருந்தது. தேதியைப் படித்தேன். அவர் முகம் மாறியது.

"இல்லியே. நம்ம ஜாதகத்துல இது இல்லியே. ஒரு வருசம் தள்ளிப் போட்டிருக்கு!"

"நான் தப்பா அடிக்கலைங்க. புத்தகத்துல இருந்ததைத்தான் அடிச்சேன்."

ஒரு வயது குறைந்த மனிதர் டிரையரைப் பார்த்தபடி நின்றார். "அப்போ பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் கட்டி வெச்சாங்களே, அது வேற யாரோ ஒருத்தனுக்குப் பாத்த பொருத்தமா?"

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "முப்பது வருசமா நல்லாத்தானே குடும்பம் ஓடுது, இனிமே என்னத்துக்குப் பொருத்தம்?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். அதற்குள் டிரையரிலிருந்து ஒரு வாசனை கிளம்ப, "ஐயோ, என் தூளு!" என்று ஓடினார்.

மூன்று மணிக்கு முழுப் பதிவேடும் காகிதத்தில் வந்து முடிந்தது. மேனேஜர் மதிய உணவுக்குப் பிறகு வந்து, பக்கத்தைப் பார்த்து, எஸ்டேட் தாளில் நான் அடித்த கடிதத்தில் அங்கேயே ஒரு மூட்டையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டியை அணைக்கும்போது எனக்கு மனசில்லை. திங்கட்கிழமை ஆபீசில் போட்டுப் பார்த்தேன், முனகக்கூட இல்லை. அந்தக் காகிதங்களை ஆஸ்பத்திரி ஊசியும் நூலும் கொண்டு தைத்து, அட்டை போட்டு, தரையில் படாமல் மேல் அலமாரியில் வைத்தேன்.

அந்த அம்மா புதன்கிழமைதான் வேலைக்குத் திரும்பினாள். காலையில் வருகைப் பதிவில் பேர் போட்டதும் நேராக ஆபீசுக்கு வந்தாள்.

"சேத்துட்டாங்களா?"

"சேத்துட்டாங்க. காயிதத்தப் பாத்தாங்க, ஒரு கேள்வி இல்ல. நானும் ஒரு ராத்திரி அவகூட ஆஸ்டல்ல தங்குனேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கிளாக்கரம்மா, அங்க கட்டிலுக்கு நேர் மேல ஃபேன் சுத்துது. விழுந்துருமோன்னு நான் பொட்டுக் கண்ணு மூடல. அவ என்னடான்னா அதுக்குக் கீழயே காலை நீட்டிக்கிட்டு, அம்மா, எம்புட்டுச் சொகமா இருக்குன்னு சொல்லிட்டுத் தூங்கிப் போயிட்டா."