ருசிப் பரிசோதகியின் முதல் முத்தம்

நாச்சாரத்தில் நான் வேலை பார்த்த ஊறுகாய்த் தொழிற்சாலையை நினைத்தால், ஊறுகாய்க்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் டம்ளர்தான் கண்முன் வந்து நிற்கிறது. ருசி பார்ப்பது எங்கள் வேலை. ஆவக்காய், கோங்குரா என்று சாம்பிள்கள் வரிசையாக வரும். கண்ணை மூடி, நாக்கில் வைத்து, நிதானமாகப் பார்க்க வேண்டும். அடுத்ததைத் தொடுவதற்கு முன் வாய் கொப்பளிக்க வேண்டும். நாளடைவில் கை தானாகவே டம்ளரைத் தேடும்.

எதிர் நாற்காலிக்காரி மல்காஜ்கிரியிலிருந்து வந்தாள். என் வயதுதான். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். எனக்கு நிச்சயமான புதிதில், போலாரத்து மாப்பிள்ளை தன் அண்ணனின் காரில் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாமா என்று கேட்டிருந்தார். இருபத்தாறு வயதிலும் முத்தம் எனக்குச் சினிமாவில் பார்த்ததோடு சரி. மூக்கு எங்கே போகும்? மூச்சை எப்படி விடுவது? சொதப்பினால் ஆயுசுக்கும் அவருக்கு அதுதானே ஞாபகம் இருக்கும்? வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன்.

"பரேஷான் ஆகாதடீ, பயப்படாத. நாம சாம்பிள் பாக்குற மாதிரிதான். முதல்ல அவருக்கும் இஷ்டமான்னு கேளு. கண்ணாடியக் கழட்டிடு. தலைய லேசா சாய்ச்சுக்கோ, கண்ண மூடு, மூக்கால மூச்சு விடு. அவசரம் மட்டும் நக்கோ, வேணவே வேணாம்," என்றாள்.

போலாரத்தில் ஆள் நடமாட்டமில்லாத மரநிழலில் கார் நின்றது. "இஷ்டமா?" என்று அவரே முந்திக்கொண்டார். என்னைவிட அவர் கைதான் அதிகம் நடுங்கியது. அவள் சொன்னபடியே செய்தேன். மூக்கு இடிக்கவில்லை. நன்றாக இருந்தது, நான் பயந்ததற்கெல்லாம் ஈடுகட்டும் அளவுக்கு நன்றாக இருந்தது. கண்ணைத் திறந்ததும் என் கை தண்ணீர் பாட்டிலை எடுத்தது. கதவைத் திறந்து, கொப்பளித்து, வெளியே துப்பினேன்.

திரும்பினால் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "பிடிக்கலேன்னா சொல்லியிருக்கலாமே. வீட்டுல நானே பேசி நிறுத்திடறேன்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

அப்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. "ஐயோ, இல்லீங்க! அது ஃபாக்டரி பழக்கம். அடுத்த சாம்பிளுக்கு முன்னாடி கொப்பளிக்கணும்!" என்று அழாத குறையாக உளறினேன்.

அவர் சற்று யோசித்தார். "அடுத்ததும் உண்டா?" என்றார். எஞ்சினை நிறுத்தினார்.

திங்கட்கிழமை இதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் அறையே திரும்பிப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமா எப்படிடீ இருந்துச்சு?" என்றாள். அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது: அவள் யாரையும் முத்தமிட்டதே இல்லை. எனக்காக உட்கார்ந்து யோசித்தே அவ்வளவையும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள்மேல் வந்த பிரியம் இன்றும் குறையவில்லை.

இப்போது எல்லாவற்றுக்கும் செல்போனில் வீடியோ இருக்கிறது. இருந்தும் போன வாரம் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். நாற்பதைத் தாண்டி அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. "பயமா இருக்குடீ. என்ன செய்யணும்?" என்றாள்.

எல்லாம் தெரிந்தவள், முதல்முறையாகத் தெரியாது என்கிறாள்.

"அவருக்கும் கை நடுங்கும்," என்றேன். "முதல்ல அதைப் பிடிச்சுக்கோ."