இளவரசியின் கல்லறையில் சிவப்பு முட்டைகள்

“ராசகுடும்பத்துக் கதை எழுத உமக்கு ஆர் கதவு திறப்பினம்?” என்று நான் வசிக்கும் நோபல் பார்க் புறநகரில் ஓர் அன்ரி கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்படியான கேள்விகள் எனக்குப் பழக்கம்.

ஈஸ்டர் முடிந்த வாரம். சிட்னியில் ரஷ்யர்களின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறேன். ஜார் குடும்பத்து இளவரசி ஒருவரின் கல்லின் மேல், ரஷ்யர்கள் ஈஸ்டருக்குப் படைக்கும் சிவப்பு முட்டைகள் நான்கு இருக்கின்றன. அவருடைய உறவினர் ஒருவரையாவது காணாவிட்டால் இவரைப் பற்றிய என் ஆய்வு இத்தோடு நின்றுவிடும்.

புல் வெட்டுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். “சாப்பாட்டுச் சாமானைக் கண்டா எறியச் சொல்லியிருக்கினம், பிள்ளை. படையலை எப்பிடி எறியிறது? நான் எறியாததைக் கண்டுதான் இந்த ராசகுமாரியின்ர தங்கச்சியின்ர மகள் என்னோட கதைக்கத் தொடங்கினவ.”

“அவ எங்க இருக்கிறா, அங்கிள்?”

“அந்தா, பைப்படியில தண்ணி பிடிக்கிறா. ராசகுமாரி இங்க ஆஸ்பத்திரியில உடுப்புத் தோய்ச்சவவாம். அதை வெளியில சொல்ல மற்றச் சொந்தக்காரருக்கு வெக்கமாம்.”

“எங்கட அம்மா இப்பவும் ஆஸ்பத்திரி உடுப்புத்தான் தோய்க்கிறா” என்கிறேன். குரலைத் தாழ்த்தவில்லை.

அந்த மூதாட்டி இரண்டு வாளிகளோடு மெதுவாக வருகிறார். நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு வாளி இப்போது என் கையில் இருக்கிறது.