பக்கத்து வீட்டு வைஃபை

மும்பை செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பார்வையற்ற வாத்தியார், தன் பிரெய்ல் கருவியில் வைஃபை வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். அந்தக் கருவிக்குத் திரையே இல்லை. நான் பார்க்க அதில் ஒன்றுமில்லை. அவர்தான் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேலெழும் புள்ளிகளைத் தடவி, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். திடீரென்று சிரித்தார்.

"'ஃபுகட் மே நஹி மிலேகா'ன்னு ஒருத்தர் பேரு வெச்சிருக்கார். ஓசியில கிடைக்காதாம்! யாரு அங்கிள் இது? சிக்னல் ஃபுல்லா வருது."

நான் வைத்த பெயர்தான். "தெரியலையே," என்றேன்.

பிறகு அவருடைய ரௌட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை வாசித்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் "பெரிசா, சின்னதா?" என்று கேட்டுக் கேட்டுத் தட்டினார். கனெக்ட் ஆகிவிட்டது.

"உங்க நெட் எப்பவாவது போச்சுன்னா இதையே போட்டுக்கோங்க அங்கிள். பாஸ்வேர்டுதான் உங்களுக்குத் தெரியுமே," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெயரை மாற்றினேன்.

மறுநாள் லிஃப்ட்டில் என் குரல் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அங்கிள், அந்த ஆளு பேரை மாத்திட்டார். நல்ல மனுஷன்தான் போல."

அப்போதும், அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.