உறைந்த தேங்காய்ப்பால்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விருந்துக்கு ஆளுக்கொன்று செய்துகொண்டு போவோம். அந்த வருடம் நான் தேங்காய்ப்பால் பானம் செய்ய முடிவெடுத்தேன்.

“ரின்னில அடைச்சு வாற தேங்காய்ப்பாலை ஊத்துங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?” என்றாள் தங்கச்சி.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

தேங்காய் துருவி முதற்பாலை மட்டும் எடுத்தேன். பசுப்பாலில் கறுவாப்பட்டையும் ஏலக்காயும் சீனியும் போட்டுக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகே தேங்காய்ப்பாலைக் கலந்தேன். சூட்டோடு கலந்தால் திரைந்துவிடும். கடைசியில் கொஞ்சம் ரம். குளிர்சாதனப்பெட்டியில் இடமில்லாததால் போத்தலில் ஊற்றி இரவு பனிக்குளிரில் பல்கனியில் வைத்தேன்.

மறுநாள் விருந்தில் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழவில்லை. கழுத்தை வெள்ளைக் கொழுப்பு அடைத்திருந்தது. எங்கள் சமையலறைப் பொறுப்பாளரான ஜெர்மன்காரி எட்டிப் பார்த்து, “பழுதாகிவிட்டது, கொட்டிவிடலாம்” என்று கை நீட்டினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போத்தலைக் கொடுக்கவில்லை.

மாரிக் குளிரில் உறைந்துபோகும், தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயை நாங்கள் எப்படி இளக்குவோமோ, அப்படியே போத்தலை வெந்நீரில் நிறுத்தினேன். கொழுப்பு இளகியதும் நன்றாகக் குலுக்கி, முதல் கிளாஸை அவருக்கே ஊற்றினேன். அவர் நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு கிளாஸை மறுபடி நீட்டினார்.

அடுத்த நத்தாருக்கு நான் மேலங்கியைக் கழற்றும் முன்பே அவர் என் கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டு போனார். வெந்நீர் தயாராக இருந்தது.